ஏரியா முதலில், அறை அப்புறம்

வாசகர் கேள்வி பதில்

சென்னையில் குடும்பத்தோடு எங்கே தங்குவது என்று கேட்டு இந்த மாதம் நிறையக் கடிதங்கள். பள்ளி விடுமுறை நெருங்குகிறது, வேறென்ன. நான் ராமேஸ்வரத்துக்காரன். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் வெளியூர்க் குடும்பங்கள் ரத வீதிகளில் பையும் பிள்ளையுமாக லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன். விடிகாலையில் களைத்து வந்து நிற்கிற குடும்பத்திடம் என்ன வாடகை சொன்னாலும் தலையாட்டிவிடும் என்பது இங்கே அறை கொடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் நாம் போய் நிற்பதும் அதே நேரத்தில், அதே முகத்தோடுதான்.

நாங்கள் ஆறு பேர். மாமனாருக்கு எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், நாத்தனார் கல்யாணத்துக்குத் தி.நகரில் புடவை எடுக்க வேண்டும், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மெரினா பார்க்க வேண்டும். நான்கு நாள். கிளாம்பாக்கம் பக்கம் ரூம் மலிவு, அங்கேயே போட்டுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். சரிவருமா? (வாசகி, மண்டபம்)

வாடகை மலிவு என்பதில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கேதான் நம்மை இறக்கிவிடுகின்றன, அதனால் இறங்கின இடத்திலேயே ஒரு அறையைப் போட்டுப் படுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் உங்கள் வேலை எதுவும் அங்கே இல்லையே. அங்கிருந்து எழும்பூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கண்ணில் சொட்டு மருந்து விட்டு எல்லாம் மங்கலாகத் தெரிகிற பெரியவரைக் கையைப் பிடித்து அவ்வளவு தூரம் கூட்டிப் போய், மறுநாள் "மறுபடி வாங்க" என்று டாக்டர் சொன்னால் திரும்பவும் கூட்டி வர வேண்டும். ஆறு பேருக்கு ஒரு ஆட்டோ போதாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள், மலிவு எங்கே போனது என்று தெரியும்.

எழும்பூரிலேயே போடுங்கள். கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது, எழும்பூரில் எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் தெரியும். நம் பக்கத்து ரயிலில் போனால் எழும்பூரிலேயே இறங்கிக்கொள்ளலாம், தாம்பரத்தோடு நிற்கிற ரயிலா என்பதை மட்டும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றாலும் பெரிய கஷ்டமில்லை, தாம்பரத்திலிருந்து கடற்கரை போகிற மின்சார ரயில் எழும்பூர் வழியாகத்தான் போகிறது. அதே மின்சார ரயிலில் எழும்பூரிலிருந்து நாலாவது நிறுத்தம் மாம்பலம், வெளியே வந்தால் ரங்கநாதன் தெரு. அந்த நெரிசலில் பிள்ளைகளை இழுத்துப் போக வேண்டாம் என்றால் 2023-இல் கட்டிய நடைமேம்பாலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை போகிறது, லிஃப்டும் உண்டு. தி.நகரிலேயே தங்கினால் என்ன என்று உங்கள் நாத்தனார் கேட்கக்கூடும். புடவை எடுக்க ஒரு நாள், அது ஒன்றரை நாளாக இழுக்கும், தெரிந்ததுதான். மிச்ச நாளும் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட வேண்டுமா?

லாட்ஜ்கள் ஸ்டேஷனுக்கு எதிரே காந்தி இர்வின் சாலையிலும் கென்னட் லேனிலும் வரிசையாக இருக்கின்றன. சாலையைப் பார்த்த அறை வேண்டாம், ராத்திரி முழுக்க ஹாரன்தான், உள்பக்க அறையாகக் கேளுங்கள். ஆறு பேருக்கு இரண்டு டபுள் ரூம் எடுப்பதா, நாலு கட்டில் ஃபேமிலி ரூம் எடுத்துக் கூடுதல் மெத்தை போடுவதா என்று இரண்டு விலையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு ரூம் கொஞ்சம் கூடினாலும் காலையில் குளியலறை இரண்டாகிறது, ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டிய நாளில் அதன் அருமை தெரியும். மாமனாருக்காக லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்ற மூன்றையும் போனிலேயே கேட்டுவிடுங்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தண்ணீர் உப்பாக இருக்கும் என்று யாராவது பயமுறுத்தினால் சிரித்துவிட்டுப் போங்கள். ராமநாதபுரத்துக்காரர்களிடம் சொல்கிற பேச்சா அது?

பிள்ளைகளுக்கு மெரினாவைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள், எழும்பூரிலிருந்து ஆட்டோவில் கிட்டத்தான். (கடலைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகளுக்கு மெரினா எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் கேட்டேன், அது கடலுக்காக இல்லை, சுண்டலுக்கும் குதிரைக்கும்தானாம்.) பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற நேரத்துக்கு எழும்பூர் மியூசியம் பக்கம், வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் போவதென்றால் செவ்வாய் வேண்டாம், அன்று பூட்டியிருக்கும்.

ஆன்லைனில் படம் பார்த்துப் பணம் கட்டிப் போனால் அறை வேறு மாதிரி இருக்கிறது. எப்படித் தப்பிப்பது? (வாசகர், தொண்டி)

எனக்கும் நடந்திருக்கிறது. சில வருஷத்துக்கு முன் திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜ், பெயர் வேண்டாம். படத்தில் பெரிய ஜன்னல், வெள்ளைத் திரை. போய்த் திரையை விலக்கினால் ஒரு கை தூரத்தில் பக்கத்துக் கட்டடச் சுவர், கீழே ஜெனரேட்டர். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். காலை ஐந்தரைக்குப் போய் நின்றேன், பகல் 12 மணிக்கு அந்த நாள் கணக்கு முடிந்துவிட்டது என்று சொல்லி, ஆறரை மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகை போட்டார்கள். கூட்டத்தில் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அறைக்கு வந்து சொன்னாள்.

அதனால் முதலில் இதைக் கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, 12 மணி செக்-அவுட்டா? 24 மணி நேரம் என்றால் காலை ஐந்தரைக்குப் போட்டால் மறுநாள் ஐந்தரை வரை உங்களுடையது. நம் ஊரிலிருந்து போகிற பஸ், ரயில் பெரும்பாலும் விடியுமுன்னே கொண்டு போய் விடுகிறது, அதனால் மற்றவர்களைவிட நமக்கு இது முக்கியம். சிலர் 12 மணிக் கணக்கு வைத்திருந்தாலும் அதிகாலையில் வருகிறவர்களுக்குப் பாதி வாடகை வாங்கிக்கொண்டு விடுவார்கள், கேட்டால்தான்.

ஆன்லைனில் ஏரியாவையும் விலையையும் பாருங்கள், அப்புறம் அந்த லாட்ஜுக்கே போன் போடுங்கள். படங்களில் லாட்ஜ் போட்ட படத்தை விட்டுவிட்டு, தங்கிப் போனவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள், அதில் குளியலறைதான் முக்கியம். முதல் நாளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். பிடித்தால் நீட்டிக்கலாம், பிடிக்காவிட்டால் ஒரு நாளோடு போகட்டும். சொன்ன வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம், முன்பு 12 ஆக இருந்தது. இன்னும் 12 என்று பில் போட்டால் சும்மா விடாதீர்கள். ஆதார் எல்லாப் பெரியவர்களுடையதும் கையில் இருக்கட்டும், குடும்பத் தலைவருடையது மட்டும் போதாது.

எங்கள் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து வருகிறார், கூட்டி வர எட்டுப் பேர் போகிறோம். விமான நிலையம் பக்கம் தங்குவதா, மண்ணடியில் தங்குவதா? (வாசகி, கீழக்கரை)

எட்டுப் பேர் எதற்கு என்று கேட்க மாட்டேன், கீழக்கரையைப் பற்றித் தெரியும். விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று எழுதவில்லையே, பதில் அதில்தான் இருக்கிறது. பகல் விமானம் என்றால் மண்ணடி. மெட்ரோவில் மண்ணடியில் ஏறினால் வண்டி மாறாமல் நேரே விமான நிலையம். உங்களுக்குப் பிடித்த சாப்பாடும் தெரிந்த முகமும் தெருவுக்குத் தெரு உண்டு, பர்மா பஜாரும் நடக்கிற தூரம். ஆனால் பகலில் அந்தத் தெருக்களில் லாரியும் தள்ளுவண்டியுமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு நிற்காதீர்கள்.

மெட்ரோ ஓடுவது காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொன்று வரை. நள்ளிரவு விமானம் என்றால் மண்ணடியிலிருந்து எட்டுப் பேருக்கு வேன் பிடிக்க வேண்டும், அதற்குப் பல்லாவரம் பக்கம் ஒரு ராத்திரி தங்கிவிடலாம். அங்கிருந்து மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷன் திரிசூலம், விமான நிலையத்துக்கு எதிரே. இரண்டு பேர் போய்க் கூட்டி வரட்டும், மிச்ச ஆறு பேரும் அறையில் தூங்கட்டும். காக்கா கோபித்துக்கொள்ள மாட்டார், பெட்டிகளை வைக்க வண்டியில் இடம் வேண்டாமா?

மீன் இல்லாமல் என் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. லாட்ஜுக்குக் கருவாடு எடுத்துப் போய்ச் சின்ன மின்சார அடுப்பில் வறுத்துக்கொள்ளலாமா? (வாசகர், பாம்பன்)

வேண்டாம் சாமி. மெரினாவில் பொரித்த மீன் கிடைக்கும், நொச்சிக்குப்பத்தில் பச்சை மீன் பார்க்கவாவது பார்க்கலாம். கருவாட்டை வறுத்தால் அடுத்த அறைக்காரர் மேனேஜரைக் கூப்பிடுவார், அவர் தூத்துக்குடிக்காரராக இருந்தால் தட்டோடு வருவார்.