தேசிய சேவைக்குப் பின் பொருளியல்: கணிதத்தை எங்கிருந்து தொடங்குவது?

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் எச்2 நிலைக் கணிதம் படித்து, இரண்டாண்டு தேசிய சேவையை முடித்த வாசகர் ஒருவர் ஆகஸ்ட் மாதம் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டப்படிப்பைத் தொடங்குகிறார். கணிதம் பெரும்பாலும் மறந்துவிட்ட நிலையில் எதை மீண்டும் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

பழைய குறிப்புகள் அனைத்தையும் புரட்ட வேண்டியதில்லை. கலப்பெண்களை ஒதுக்கிவிடலாம், வகையிடலில் சங்கிலி விதி, மடக்கை, அடுக்குக்குறிச் சார்பு ஆகியவை தடையின்றிக் கைக்கு வர வேண்டும். எச்2 பாடத்தில் இடம்பெறாத பகுதி வகையீட்டையும் அணிகளையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். வரவுக்குள் அதிகபட்சப் பயன்பாட்டை, அதாவது நுகர்வில் கிடைக்கும் மனநிறைவை, தேடும் நுகர்வோர் கணக்கில் லக்ராஞ்சுப் பெருக்கியைச் சந்திப்பீர்கள். வாங்கும் அளவுகளைக் கண்டுபிடித்தவுடன் பலர் அந்தப் பெருக்கியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வரவு ஒரு வெள்ளி கூடினால் உச்சப் பயன்பாடு ஏறத்தாழ எவ்வளவு உயரும் என்பதை அதுவே சொல்கிறது என்பதால், அதன் பொருளை ஒவ்வொரு முறையும் சொற்களில் எழுதிப் பாருங்கள்.

புள்ளியியலுக்குத்தான் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதிர்பார்ப்பு மதிப்பு, மாறுபாடு, கருதுகோள் சோதனை ஆகியவற்றை மீட்டுக்கொண்டபின், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலைத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. வட்டாரம், பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு, விலை எல்லாம் அதில் உண்டு. தொடக்கத்துக்கு எக்செல் போதும். விலையின் இயல் மடக்கையைப் பரப்பளவோடு தொடர்புபடுத்தி, நேர்கோட்டின் சாய்வு 0.01 என வந்தால், ஒரு சதுர மீட்டர் கூடுதலாக உள்ள வீட்டின் விலை ஏறத்தாழ 1% அதிகம் என்று பொருள்.

அடுத்து, விலையை எஞ்சிய குத்தகைக் காலத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். குத்தகையின் தாக்கம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றக்கூடும். குவீன்ஸ்டவுன் போன்ற பழைய வட்டாரங்களில் குத்தகை குறைந்த வீடுகள் பல இருந்தாலும், நகர மையத்துக்கு அருகில் இருப்பதால் அவற்றின் விலை உயர்ந்தே நிற்கிறது. புதிய வட்டாரமான பொங்கோலில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறு. வட்டாரத்தையும் சமன்பாட்டில் சேர்த்தபின் சாய்வு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். விடுபட்ட மாறியால் நேரும் இந்தப் பிழையை, தரவைக் கொண்டு பொருளியல் தொடர்புகளை அளவிடும் பொருளியலளவையியல் பாடத்தின் விரிவுரையாளர் குறியீடுகளால் நிறுவும்போது, அந்தக் குறியீடுகள் எதைக் குறிக்கின்றன என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தீர்வுகளைப் படிப்பதைவிட, தாளில் நீங்களே எழுதித் தீர்ப்பதற்கு அந்த நேரத்தில் பெரும்பகுதியைத் தாருங்கள்.