அப்பாவின் பாவமும் அத்தையின் விளையும்

வணக்கம் சார்,

குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா போன வருடம் இறந்தார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் 40 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) உண்மையில் அத்தைக்கு வரவேண்டியது. அத்தை கணவனை இழந்து கைக்குழந்தையோடு வந்து நின்ற சமயத்தில், பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி அப்பா பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிட்டார். ஊருக்கே தெரியும். கடைசிக் காலத்தில் அப்பா பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, ‘என் பாவமெல்லாம் இரத்தத்தால் கழுவப்பட்டது’ என்று சாட்சி சொன்னார். அம்மா சபைக்குப் போகவில்லை. ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்தாள். அத்தை இன்றும் கருங்கலில் வாடகை வீட்டில் தையல் மிஷின் மிதிக்கிறாள். விளை இப்போது என் பெயரில்.

அப்பாவின் பாவம் போய்விட்டதா? அது எனக்கு வருமா? ஒவ்வொரு மதமும் ஒவ்வொன்று சொல்கிறதே, அப்படியென்றால் பாவம் என்பதே ஆளைப் பயமுறுத்த உண்டாக்கியதுதானா? ‘செத்தவரைத் தோண்டாதே’ என்கிறாள் அம்மா.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மதங்கள் ஆளுக்கொன்று சொல்வதால் நடந்தது நடக்காததாகிவிடாது. உங்கள் அத்தை கைநாட்டு வைத்த பத்திரம் எந்த மதத்தையும் நம்பி இருக்கவில்லை. நாளைக்கே வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அது வரும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. அப்பா கழுவிக்கொண்டார், அம்மா முழுகினாள், நீங்கள் பயப்படுகிறீர்கள். மூன்று பேரும் அவரவர் கணக்கைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அத்தையிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாவம் என்றாலே நாம் எல்லோரும் அதைச் செய்தவன் மேல் படிந்த கறையாகத்தான் நினைக்கிறோம். கறை என்றால் கழுவினால் போச்சு. யாருக்குச் செய்தோமோ அந்த ஆள் அதில் வருவதே இல்லை.

நம் குமரி மாவட்டத்துச் சுசீந்திரம் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலிகையிடம் தவறாக நடந்து சாபம் வாங்கிய இந்திரன் இங்கே தவமிருந்து தூய்மையானான் என்பது தலபுராணம். இன்றைக்கும் அர்த்தஜாமப் பூஜையை இந்திரனே வந்து செய்கிறான் என்று நம்பிக்கை. அதனால் இரவுப் பூஜை செய்தவர் மறுநாள் காலை நடை திறக்க மாட்டார் என்பார்கள். குற்றம் செய்தவனுக்கு ஒரு தலமும் தினப்படி பூஜையும் அமைந்துவிட்டன. அகலிகை என்ன ஆனாள் என்று கேட்டால், அதற்கு நாம் ராமன் கதைக்குப் போக வேண்டும்.

அதே கோயிலில் கைமுக்கு என்கிற சோதனை நடந்தது. பெண் விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். பிறகு துணி சுற்றிக் கட்டிவைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் அவர் சுத்தம். மொத்த ஊரின் பார்வையும் அந்த ஒரு கையின் மேல்! திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் அந்த வழக்கத்தை நிறுத்தினார். நல்ல காரியம்தான். ஆனால் சாதிக் கொடுமையை எதிர்த்த சாமிதோப்பு அய்யா வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறையில் போட்டதும் அதே ராஜாவின் அரசு. பாவமா இல்லையா என்று பார்க்க நெய்ச்சட்டி வேண்டாம் என்று புரிந்துகொண்ட அரசுக்கு, ஒரு கூட்டம் மக்களைத் தெருவில் நடக்க விடாதது பாவமாகத் தெரியவில்லை. சுசீந்திரம் தெருக்களில் நடக்கிற உரிமைக்காக 1926-லும் 1930-லும் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு முன்னால் நின்றார். 1936-ல்தான் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. தெருவில் நடந்தவன் தீட்டு செய்தவன், தடுத்தவன் ஆசாரம் காத்தவன் என்று அவ்வளவு காலம் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

வைகுண்டர் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டினார். சாமிதோப்பில் எல்லோரையும் ஒரே முத்திரிக் கிணற்றில் குளிக்கவும் குடிக்கவும் வைத்தார். ‘தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்’ என்கிறது அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு. அங்கே அதர்மம் எது என்று கண்டுபிடிக்கச் செய்தவனுடைய கையை அவிழ்த்துப் பார்க்க வேண்டாம், கீழே கிடப்பவனைப் பார்த்தால் போதும். நம் மாவட்டம் பாவத்தைப் பற்றி உலகத்துக்குச் சொன்னதில் இதுதான் பெரிய விஷயம் என்பேன். கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கலாம், இருக்கட்டும்.

சரி, அப்பாவின் பாவம் பிள்ளைக்கு வருமா? இதில் ஒரே வேதத்துக்குள்ளேயே வழக்கு உண்டு. பத்துக் கட்டளைகளில், பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விசாரிப்பேன் என்று வருகிறது. எசேக்கியேல் 18-ல் அதற்கு நேர் எதிர். பிதாக்கள் திராட்சக்காய் தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்கிற பழமொழியை இனிச் சொல்லாதீர்கள், தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று குர்ஆனும் சொல்கிறது. ஆதாம் செய்த தவறை இறைவன் அப்போதே மன்னித்துவிட்டதால் இஸ்லாத்தில் ஜென்மப் பாவம் கிடையாது. கத்தோலிக்கர் ஜென்மப் பாவம் என்பதும் நீங்களே செய்த குற்றம் என்கிற பொருளில் அல்ல, பிறக்கும்போதே உள்ள ஒரு குறை என்கிற பொருளில்தான். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் என்கிற அழுக்கு செம்பில் களிம்பு மாதிரி ஆதியிலிருந்தே உயிரோடு இருக்கிறது என்பார்களே, கிட்டத்தட்ட அந்த இடம். சிதறால் மலையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்த சமணருக்கு வினை என்பது உயிரில் வந்து ஒட்டுகிற நுண்பொருள். அவரவர் வினை அவரவர் உயிரில்தான் ஒட்டும். பௌத்தமும் செய்தவனை விடுவதில்லை. கொலைகாரனாக இருந்த அங்குலிமாலன் திருந்தி, ஞானமடைந்த துறவி (அருகத்து) ஆன பிறகும் தெருவில் கல்லடி பட்டான். பொறுத்துக்கொள் என்றுதான் புத்தர் சொன்னார்.

ஆகவே பெரும்பாலான பக்கத்திலிருந்து உங்களுக்கு விடுதலை. அப்பாவின் பாவம் உங்களுக்கு வராது. ஆனால் எஸ்., விளை வந்திருக்கிறதே! ரப்பர் ஷீட் விற்ற பணம் வருகிறதே. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பணத்தை வாங்குவது நீங்கள். அதற்குத் தகப்பன் கணக்கு, தாத்தா கணக்கு என்று போக வேண்டியதில்லை.

அப்பாவுக்கு மன்னிப்பு கிடைத்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அவர் அழுதது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருந்த அதே பைபிளில் வரி வசூலிக்கும் சகேயு இருக்கிறான். இயேசு வீட்டுக்கு வந்த அன்றைக்கே, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னவன். இரட்சிப்பு என்கிற வார்த்தை அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு வருகிறது. காணிக்கையோடு பீடத்துக்கு வந்துவிட்டாலும், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்பது மலைப்பிரசங்கம். திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனுக்கு மன்னிப்பில்லை என்று அகுஸ்தீனார் ஒரு கடிதத்தில் கறாராகவே எழுதியிருக்கிறார். எந்தப் பாஸ்டரும் சகேயுவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணாமல் இருக்க மாட்டார். கேட்கிறவர்களுக்கு அவன் மரத்தில் ஏறியதுதான் நினைவு நிற்கிறது.

இந்த விஷயத்தில் மிகத் தெளிவாகப் பேசுவது இஸ்லாம்தான் என்பது என் எண்ணம். தக்கலையில் எந்த ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டாலும் சொல்வார். இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். தொழுகையும் நோன்பும் மூட்டையாகக் கொண்டுவருபவனிடமிருந்து, அவன் யாருக்கெல்லாம் அநியாயம் செய்தானோ அவர்கள் வந்து நன்மைகளை எடுத்துக்கொள்வார்கள். தீர்ந்துபோனால் தங்கள் பாவங்களை அவன் தலையில் ஏற்றுவார்கள். அவன்தான் உண்மையில் திவாலானவன் என்று ஒரு ஹதீஸ் (நபிமொழி). அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் அநியாயமாய் எடுத்தவன் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்று இன்னொன்று. ஒரு சாணுக்கே ஏழு பூமி!

அம்மாவின் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மனுஸ்மிருதியின் 11-ஆம் அத்தியாயம் (எனக்குப் பிடிக்காத பகுதிகள் நிறைய உள்ள நூல்) திருடியவனுக்கு விரதம் சொல்லும்போது, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விரதம் இரு என்றுதான் சொல்கிறது. வெறும் முழுக்கு அங்கேயும் போதாது.

தத்துவவாதிகளை விட்டுவிடக் கூடாது இல்லையா? தெரிந்தே யாரும் தீமை செய்வதில்லை, அறியாமைதான் காரணம் என்றார் சாக்ரடீஸ். அவர் நம்மூர் பத்திர ஆபீஸ் வாசலில் அரை நாள் நின்றதில்லை. பட்டா என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறவருக்கு எல்லாம் தெரியும்.

சட்டப்படி எல்லாம் சரிதானே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சட்டத்தில் இருப்பதெல்லாம் நியாயம் ஆகிவிடாது. பழைய திருவிதாங்கூரில் 1916-ல் வந்த கிறிஸ்தவர் வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது. 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லும் வரைக்கும் கேரளத்தில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்களும் அதைச் சட்டம் என்றே வைத்திருந்தார்கள். இந்து வீடுகள் மட்டும் ஒழுங்கா? ஸ்ரீதனம் கொடுத்தாச்சே என்கிற பேச்சு எல்லா மதத்திலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

அம்மா சொல்வது எனக்குப் புரிகிறது. அப்பா பெயர் கெட்டுவிடும் என்கிற பயம். ஊருக்கே தெரியும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், இனிமேல் கெட என்ன இருக்கிறது? முதலில் அம்மாவிடம் பேசுங்கள், மறைத்துச் செய்யாதீர்கள். நல்ல பத்திர எழுத்தர் ஒருவரைப் பார்த்து, அத்தை பெயருக்கு எழுதிக்கொடுக்க என்ன வழி, எவ்வளவு செலவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு கருங்கல் போங்கள். பரிகாரம், பாவம், மன்னிப்பு என்கிற வார்த்தைகளையெல்லாம் அங்கே எடுக்க வேண்டாம், விளையைப் பற்றி மட்டும் பேசுங்கள். அத்தை கோபப்படலாம், ஏசலாம், இத்தனை வருடம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கலாம். கேட்கட்டும். வாங்க மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டால் எனக்கு எழுதுங்கள். அத்தைக்கு ஒரு பிள்ளை இருக்கிறதே, அதுவும் ஒரு வாரிசுதான்.