டிகிரி முடித்த கையோடு எம்.பி.ஏ. சேர்ந்தால் பலன் உண்டா?

வேலை அனுபவம் இல்லாமல் நேராக எம்.பி.ஏ. படிப்பது பயன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரும், ஆனால் எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்து.

நல்ல கல்லூரி என்றால் மேனேஜ்மென்ட் டிரெய்னி (நிர்வாகப் பொறுப்புக்குப் பயிற்சி தரும் தொடக்கப் பதவி) போன்ற பதவிகளுக்கு கேம்பஸிலேயே ஆள் எடுப்பார்கள். வெறும் பட்டத்தோடு அங்கே நுழைவது கடினம். அனுபவமில்லாதவருக்குப் பெரிய வாய்ப்பு, முதலாண்டு முடிவில் வரும் சுமார் 2 மாத இன்டர்ன்ஷிப். அதில் வேலையைப் பார்த்துப் பிடித்துப்போனால், படிப்பு முடியும் முன்பே நிறுவனம் ஆஃபர் கொடுத்துவிடும். பலர் ஏதோ ஒரு கம்பெனியில் சர்டிஃபிகேட் வாங்கி ரிப்போர்ட் கட்டிக் கொடுத்து இதை வீணாக்குகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சேருமுன் கல்லூரியிடம் சராசரிச் சம்பளத்தைக் கேட்காமல் மீடியனை, அதாவது எல்லோருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகையைக் கேளுங்கள். 10 பேரில் ஒருவருக்கு ஆண்டுக்கு 30 லட்சம், மற்ற 9 பேருக்குத் தலா 4 லட்சம் என்றால் சராசரி 6.6 லட்சம், மீடியன் 4 லட்சம்தான். வேலை கிடைக்காதவர்களைக் கணக்கில் விட்டுவிட்டார்களா என்பதையும் விசாரியுங்கள்.

10 லட்சம் கல்விக்கடன், 10% வட்டி, 7 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். 4 லட்சம் சம்பளத்தில் இது கழுத்தை நெரிக்கும். அந்த நிலையில், டான்செட் (எம்.பி.ஏ. சேர்க்கைக்கான தமிழ்நாட்டின் பொது நுழைவுத் தேர்வு) எழுதி அரசு அல்லது பல்கலைக்கழகக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் சேரப் பாருங்கள்.