தாத்தா பெயரில் இருக்கும் தோப்பு

அன்புள்ள ஐயா,

பேராவூரணி பக்கம் எங்கள் தாத்தா வைத்த தென்னந்தோப்பு 2018 கஜா புயலில் அடியோடு போய்விட்டது. நான் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூர். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் நினைவாக ஊர் எல்லையில் ஒரு அலங்கார வளைவு கட்டலாம் என்கிறார் சித்தப்பா. என் பிள்ளைகளுக்குத் தமிழே தடுமாற்றம், பூர்வீகம் என்று காட்ட ஏதாவது வேண்டாமா? புயல் பட்ட ஊருக்கு இது சரியான மரியாதைதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவை இழந்த துக்கத்திலும் ஊரை நினைத்தீர்களே, மனது நெகிழ்ந்துவிட்டது. வளைவு கட்டுவதும் கட்டாததும் உங்கள் குடும்ப விஷயம். பிள்ளைகளின் தமிழா, ஒரு லீவு முழுக்க ஊரில் விடுங்கள், வந்துவிடும். ஆனால் அந்தத் தோப்பின் பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கொஞ்ச நாளாக இதே நினைப்பாகத்தான் இருக்கிறேன். நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தது. சில நாள் கழித்து உங்கள் ஊர்ப்பக்கம் போனேன். தோப்பு தோப்பாக மரங்கள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன, தப்பி நின்றதிலும் பலவற்றுக்குக் குருத்து திருகியிருந்தது. ஒரு தோப்பில் வயதான அம்மா ஒருவர் விழுந்த மரத்திலிருந்து குரும்பையும் இளநீருமாக அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தோப்புக்குக் காலங்காலமாகத் தண்ணீர் பாய்ச்சியது அவர் குடும்பம். பட்டாவோ எப்போதோ செத்துப்போன ஒரு பெரியவர் பெயரில், வாரிசுகள் ஆளுக்கொரு நாட்டில். அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது, இழப்பீடு 600, வெட்டி அகற்ற 500. பட்டாதாரரைக் கூட்டி வா என்று அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் தோப்புப் படத்தைப் பார்த்து அழுத வாரிசுகளில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போட வரவில்லை. வெட்ட ஆளில்லாமல் மரங்கள் கிடந்த இடத்திலேயே மக்கின. மக்கும் மரத்தில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், வளர்ந்த வண்டு பக்கத்துத் தோப்பில் புதிதாக வைத்த கன்றின் குருத்தைத் துளைக்கும். எங்கோ இருக்கிறவர்களின் அசட்டையில் ஊரில் இருக்கிறவன் கன்றும் போயிற்று.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஊர் மண்ணை டப்பாவில் எடுத்துப்போய்ப் பூஜை அறையில் வைக்கிறீர்கள், வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு வாரம் லீவு போட மாட்டேன் என்கிறீர்கள். கூட்டுப் பட்டாவாகவே கிடக்கட்டும், சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டு எந்தப் பூர்வீகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறீர்கள்? தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால், உழைக்கிறவர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தப் பயத்தால்தான் அந்த அம்மாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போனது. அடுத்த புயலிலும் அவர் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டுமா?

நெட்டை ரகத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். புயல் முடிந்த கையோடு வைத்தவர்கள் இப்போது காய் பறிக்கிறார்கள். உங்கள் தோப்பில் கன்று வைத்தது யார், வைத்தார்களா இல்லையா என்றாவது தெரியுமா?

பட்டாவைப் பெயர் மாற்ற ஊருக்கு வரும்போது தாத்தாவின் மூலப்பத்திரத்தையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டு வாருங்கள். சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், வளைவுக்குப் பணம் கேட்டு அவர் போன் செய்யும்போதே அதையும் பேசிவிடுங்கள்.