மஸ்டா எம்எக்ஸ்-5 (முதல் தலைமுறை, 1.8 லிட்டர்): டிஃபரன்ஷியலுக்கு எந்த ஆயில், எப்படி மாற்றுவது?

டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) ஆயிலாக, ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 (ஆயிலின் தடிமன் அளவு) சிந்தெடிக் போதும். கொள்ளளவு சுமார் 1 லிட்டர், 1.6 இன்ஜின் வண்டியின் சிறிய டிஃபரன்ஷியலுக்கு சுமார் 0.65.

உள்ளே இருப்பது டார்சன் (பற்சக்கரங்களால் இயங்கும் எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) என்றால் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (உராய்வைச் சீராக்க ஆயிலில் கலக்கும் சேர்மானம்) தேவையில்லை. கிளட்ச் தட்டு வகை எல்எஸ்டி மாட்டியிருந்தால் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது தட்டுகள் விட்டுவிட்டுப் பிடித்து வண்டி அதிரும். மீந்த ஆயிலைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மங்கள் அதன் பித்தளை சிங்க்ரோ வளையங்களை (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைப்பவை) அரிக்கலாம்.

சிறிது தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. முதலில் மேலே உள்ள ஃபில் பிளக்கை (ஆயில் ஊற்றும் துளையின் அடைப்பு) கழற்றுங்கள். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், ஆயிலை வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது! பிறகு டிரெயின் பிளக் (கீழே ஆயில் வடிக்கும் துளையின் அடைப்பு). அதில் சாம்பல் நிறப் பசைபோல் இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. கியர் பல்லின் சில்லுகள் கிடந்தால் டிஃபரன்ஷியலைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

வடிந்ததும் புது வாஷர் போட்டு, டிரெயின் பிளக்கை 40–54 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்குங்கள். புது ஆயிலை ஊற்ற இடம் குறுகல், குழாய் பொருத்திய கைப்பம்பு வேண்டும். ஃபில் துளையின் கீழ்விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதிகமானால் சீல் வழியாகவோ பிரீதர் (காற்று வெளியேறும் துளை) வழியாகவோ கசியும்.