சீட்டுக் காசில் மகளின் கணினிப் பட்டத்துக்கு ஃபீஸ் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மகளுக்குப் பதினெட்டு வயது, இங்கேயே பிறந்தவள், பிரித்தானியக் குடியுரிமை உண்டு. ஏ லெவலில் கணினியியல் சி, பொருளியல் டி, கணிதம் ஈ. கேட்ட கணினிப் பட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அதே பல்கலைக்கழகம், பட்டத்துக்குத் தயார்ப்படுத்தும் ஃபவுண்டேஷன் ஆண்டோடு சேர்த்து நாலு வருடப் படிப்பாக இடம் தந்திருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வருவாள். எங்கள் இருவருடைய வருமானமும் சேர்த்து ஐம்பதாயிரம் பவுண் அளவில் வரும். கடைசிச் சீட்டு எடுத்ததில் 22,000 பவுண் கையில் இருக்கிறது. "பிள்ளை கடனோடு வாழ்க்கையைத் தொடங்கக்கூடாது, ஃபீஸை நாங்களே கட்டுவோம்" என்கிறார் கணவர். "ஒரு வருடத்தையும் காசையும் ஏன் வீணாக்குகிறீர்கள்" என்கிறார் என் அண்ணா. கார்க் கடன் இன்னும் 6,000 பவுண் இருக்கிறது, வட்டி 9 வீதம். எது சரி?

பதில்: அன்புள்ள சகோதரி, கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: 9 வீத வட்டிக்குக் கார்க் கடனை வைத்துக்கொண்டு, அதைவிட மலிவான அரசு மாணவர் கடனைத் தவிர்க்கக் கைக்காசைக் கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது. ஃபீஸுக்கு அந்தக் காசைத் தொட வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன். அண்ணாவின் கேள்விக்கும் வருகிறேன், அதில் நியாயம் இருக்கிறது.

2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று கேட்கக்கூடிய உச்சக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண். வகுப்பறையிலேயே முடியும் சமூகவியல், வணிகம் போன்ற பாடங்களின் ஃபவுண்டேஷன் ஆண்டுக்கு அரசு 5,760 பவுண் என்று வரம்பு போட்டிருக்கிறது. கணினி பொதுவாக அந்த வரம்புக்குள் வராது. ஆகவே நாலு வருடத்துக்கு 38,140 பவுண், கட்டணம் கூடினால் அதற்கும் மேல். உங்கள் 22,000 பவுண் மூன்றாம் ஆண்டின் நடுவிலேயே முடிந்துவிடும். மிச்சத்துக்கு எப்படியும் கடன்தான்.

அந்தக் கடன் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 2023 ஆகஸ்ட்டுக்குப் பிறகு படிப்புத் தொடங்குவோருக்கு "பிளான் 5" என்ற திட்டம். படிப்பை விட்டு அல்லது முடித்து வெளியே வந்ததற்கு அடுத்த ஏப்ரல் மாதத்திலிருந்து, வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டினால் மட்டும், தாண்டிய தொகையில் 9 வீதம் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். 30,000 சம்பளம் என்றால் மாதம் 37 பவுண் 50 பென்ஸ். 40,000 என்றால் 112 பவுண் 50 பென்ஸ். வேலை போனால் பிடிப்பும் நின்றுவிடும். 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. வீட்டுக்கு ஆள் வராது, கிரெடிட் ஃபைலிலும் ஏறாது. மோட்கேஜ் கேட்கும்போது மாதாந்தப் பிடிப்பை வங்கி கணக்கில் எடுக்கும், அவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ இது கடனே இல்லை" என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அதையும் நம்ப வேண்டாம். 25,000 என்பது பெரிய சம்பளம் அல்ல. 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண். கிழமைக்கு 37.5 மணித்தியாலம் வேலை செய்தால் அதுவே வருடத்துக்கு 23,800 பவுணுக்குக் கிட்ட வரும். மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளை இந்த எல்லையைச் சீக்கிரம் தாண்டும், முழுக் கடனையும் கட்டி முடிக்கும் வாய்ப்பும் உண்டு. முந்தைய திட்டத்தில் 30 வருடத்தில் தள்ளுபடி, இப்போது 40. அதனால் கணவரின் பயத்தைச் சிரித்துத் தள்ள மாட்டேன்.

ஆனாலும் கடனையே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் வட்டி மட்டுமல்ல. பிளான் 5 கடனுக்கு வட்டி, ஆர்.பி.ஐ. என்ற பணவீக்க அளவுதான். 2025 செப்டம்பரில் அது 3.2 வீதம். நல்ல கேஷ் ஐசா கணக்கில், அதாவது வட்டிக்கு வரி இல்லாத சேமிப்பில், இதைவிடக் கூடத் தந்தார்கள். அதைவிட முக்கியம், கடனை எப்போது வேண்டுமானாலும் அபராதம் இல்லாமல் திருப்பிக் கட்டலாம். கையால் கட்டிய ஃபீஸைத் திரும்பக் கேட்க முடியாது. மகளுக்கு இது தெரியாத பாதை. முதல் வருடத்திலேயே "எனக்கு இது சரிவராது" என்று சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஃபீஸ் கடனை அரசு பல்கலைக்கழகத்துக்கு முதல் தவணை 25 வீதம், இரண்டாம் தவணை 25, மூன்றாம் தவணை 50 என்றுதான் அனுப்பும். முதல் தவணைக்குள் விலகினால் பொதுவாகக் கால் பங்கு மட்டுமே அவள் பேரில் கடனாக நிற்கும். அதுவும் 25,000 சம்பளம் வரும்வரை கேட்க மாட்டார்கள். சீட்டுக் காசு அப்படியே உங்களிடம் இருக்கும்.

இனி அண்ணா கேட்டது. ஒரு வருடம் வீணா?

மகளின் பெறுபேறு, பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளியில் 32, 24, 16, மொத்தம் 72. இந்தப் புள்ளிக்கு நேரடியாக மூன்று வருடப் பட்டத்தில் எடுக்கும் பல்கலைக்கழகங்களும் இருக்கக்கூடும். மிஞ்சிய இடங்களை நிரப்பும் க்ளியரிங்கில் மகளே போன் எடுத்துப் பேசட்டும், நீங்கள் அல்ல. இடம் கிடைத்தால் மிச்சமாவது 9,535 பவுண் மட்டுமல்ல, ஒரு வருடச் சம்பளமும். ஃபவுண்டேஷன் ஆண்டின் உண்மையான விலை அந்தச் சம்பளம்தான்.

ஆனால் எனக்கு உறுத்துவது கணிதத்தில் ஈ. நோய், வீட்டுப் பிரச்சினை என்று ஏதாவது காரணத்தால் சறுக்கியது என்றால் கதை வேறு. அப்போது நேரடி இடத்தைத் தேடலாம், அல்லது ஒரு வருடம் திரும்ப எழுதலாம். இந்த வயதில் அரசுக் கல்லூரிகளில் அதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. உண்மையாகவே கணிதம் பிடிபடவில்லை என்றால், டிஸ்கிரீட் மேத்ஸும் அல்கோரிதமும் முதல் வருடத்திலேயே அவளைக் கீழே தள்ளிவிடும். தோற்ற வருடத்துக்கும் அதே 9,535 தான். அந்த நிலையில் கணிதம், நிரலாக்கம், அறிக்கை எழுதுதல் மூன்றையும் ஆறுதலாகச் சொல்லிக்கொடுக்கும் ஃபவுண்டேஷன் ஆண்டு வீண் அல்ல. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

மாணவர் கடன் தரும் அரசு அமைப்பான ஸ்டுடன்ட் ஃபைனான்ஸ் பொதுவாகப் படிப்பின் நீளத்தோடு ஒரு வருடம் கூட்டித்தான் ஃபீஸ் கடன் தரும். நாலு வருடப் படிப்பென்றால் ஐந்து வருடம். ஒரு தடவை பாதை மாறலாம், இரண்டாம் தடவை உங்கள் கைக்காசு. ஃபவுண்டேஷன் ஆண்டும் பட்டமும் ஒரே படிப்பாக, ஒரே யூகாஸ் குறியீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தனிப் படிப்பாக விற்கும் ஃபவுண்டேஷன் என்றால் இந்தக் கடன் கிடைக்காமல் போகலாம்.

பாடம் எங்கே நடக்கிறது என்றும் கேளுங்கள். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், வகுப்போ எங்கோ ஒரு அலுவலகக் கட்டடத்தில் தனியார் கல்லூரி ஒன்றில் நடக்கும். இப்படியான ஃபிரான்சைஸ் கல்லூரிகளில் மாணவர் கடனில் நடக்கும் மோசடி பற்றி 2024 ஜனவரியில் இங்குள்ள தேசியத் தணிக்கை அலுவலகமே அறிக்கை வெளியிட்டது. எங்கள் ஆட்களிடம் கோயிலிலும் கடையிலும் துண்டுப் பிரசுரம் கொடுத்து ஆள் பிடிக்கும் ஏஜென்டுகளைக் கண்டால் தள்ளியே நில்லுங்கள்.

முடிந்தால் ஒரு வருட வேலைப் பயிற்சி சேர்ந்த பட்டமாக மாற்றிக் கேளுங்கள். அந்த வருடத்துக்கு 2025-26 கணக்கில் உச்சக் கட்டணம் 1,905 பவுண்தான். பெரும்பாலும் கம்பெனியிலிருந்து சம்பளமும் வரும். கணினித் துறையில் அந்தப் பயிற்சி இல்லாமல் வெளியே வரும் பிள்ளைக்கு முதல் வேலை தேடுவது இப்போது கஷ்டம்.

செலவுக்கான பராமரிப்புக் கடன் தனி. வீட்டிலிருந்து படிப்போருக்கு 2025-26இல் உச்சம் 8,877 பவுண். குடும்ப வருமானம் 25,000க்குள் இருந்தால்தான் அது முழுதாகக் கிடைக்கும், உங்களுக்குக் குறையும். 2025-26க்கு அவர்கள் பார்ப்பது 2023-24 வரி ஆண்டின் வருமானம். அதற்குப் பிறகு உங்கள் இருவரின் வருமானம் 15 வீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், நடப்பு ஆண்டுக் கணக்கில் பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். போக்குவரத்துக்கு 18 பிளஸ் மாணவர் ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை எடுத்தால் டிராவல்கார்ட் என்ற பயணச் சீசன் டிக்கெட் 30 வீதம் மலிவு.

இனி அந்த 22,000. முதலில் 6,000 கார்க் கடனை முடியுங்கள். இன்னொரு ஆறாயிரத்தை அவசரத்துக்கென்று உடனே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் போடுங்கள். சீட்டில் திரும்பப் போட வேண்டாம். நம்பிக்கையில் ஓடும் சீட்டு நல்லதுதான், ஆனால் பிடிக்கிறவர் கைவிரித்தால் வங்கிக் கணக்குக்கு இருக்கும் அரசுப் பாதுகாப்பு அதற்கு இல்லை.

மிச்சம் பத்தாயிரத்தில், கணவர் மகளுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், அவள் பெயரில் லைஃப்டைம் ஐசா திறந்து இந்த வருடம் 4,000 வரை போடலாம். அரசு 25 வீதம், அதாவது 1,000 பவுண் சேர்க்கும். முதல் வீடு வாங்க அது உதவும், வீட்டு விலை 450,000 பவுணுக்குள் இருக்க வேண்டும். வேறு எதற்காவது இடையில் எடுத்தால் 25 வீதம் வெட்டுவார்கள், போட்ட காசிலும் கொஞ்சம் போய்விடும். போட்டபின் அது அவளுடைய காசு, உங்களுடையது அல்ல. வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் அதையும் யோசித்து முடிவெடுங்கள். கணக்குத் திறந்து காசு போட்டு ஒரு வருடம் ஆன பிறகுதான் வீட்டுக்கு எடுக்கலாம் என்பதால், ஒரு பவுண் போட்டாவது இப்போதே திறந்து வையுங்கள்.