நாகர்கோவில் ரயில் சந்திப்பு வரைபடம் முறுக்கிக்கொள்வது ஏன்?

வணக்கம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தின் தரவை, புள்ளிகளையும் கோடுகளையும் படமாக அடுக்கும் கிராஃப்விஸ் மென்பொருளுக்கு அப்படியே கொடுத்ததால் தண்டவாளங்கள் குறுக்குமறுக்காக வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். கிராஃப்விஸுக்குப் பாயின்ட் (ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) என்றால் மூன்று கோடு சேரும் வெறும் புள்ளிதான். ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு வண்டி நேராகப் போக முடியாது என்பது அதற்குத் தெரியாது.

அதனால் ஒவ்வொரு பாயின்ட்டையும் நுனிப்பக்கம், கிளைப்பக்கம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று கோடுகளில் எந்த இரண்டுக்கு நடுவே கோணம் மிகக் குறைவோ அவைதான் கிளைகள். கோணத்தை 20, 30 மீட்டர் தள்ளி அளந்துகொள்ளுங்கள்; பக்கத்துப் புள்ளியை நம்பினால் தரவின் சிறு பிசகே கிளையை மாற்றிவிடும்.

பிறகு ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பாயின்ட்டின் கிளைப்பக்கமும் படத்தில் இடப்பக்கம் பார்க்கிறதா, வலப்பக்கம் பார்க்கிறதா என்று குறித்துக்கொண்டே போங்கள். சிக்கல் இங்கேதான். திருநெல்வேலி, திருவனந்தபுரம் பாதைகள் இரண்டும் சந்திப்புக்கு ஒரே பக்கமாக வருகின்றன. நாகர்கோவில் டவுன் ஸ்டேஷன் வழியாகச் சந்திப்பைத் தொடாமல் போகும் இணைப்பு அவற்றோடு முக்கோணமாகிவிடுகிறது. அந்த இணைப்பின் இரு முனையும் படத்தில் ஒரே பக்கம் நோக்கியே கிளம்பும். எந்த நிரலாலும் அதை நேர்செய்ய முடியாது. நடுவில் வெட்டி, இரு துண்டுக்கும் ஒரே பெயர் போடுங்கள்.

படத்தில் ஒவ்வொரு தண்டவாளமும் நிற்கும் உயரத்தை முழு எண்ணாக வைத்து, வளைவுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்படி நிரலுக்குச் சொன்னால் லூப் லைன்கள் (முக்கியப் பாதையிலிருந்து பிரிந்து மீண்டும் அதில் சேரும் தண்டவாளங்கள்) தாமாகவே இணையாக நிற்கும்.